இயற்பியல் பட்டம் கையில், முனைவர் பட்டம் வேண்டாம்: அப்புறம் என்ன வேலை?

இறுதியாண்டில் நான் அனுப்பிய விண்ணப்பங்களில் குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் என்று படித்த பாடங்களைத்தான் வரிசையாக எழுதியிருந்தேன், கிட்டத்தட்ட எதற்கும் பதில் வரவில்லை. வேலைத் தளங்களில் 'இயற்பியலாளர்' என்று தேடியதும் தப்பு. அந்தப் பெயரில் சிங்கப்பூரில் வரும் வேலைகள் மிகக் குறைவு, வருவதிலும் பெரும்பாலானவை முனைவர் பட்டம் கேட்கும். பெயரைத் தேடாமல் செய்யும் வேலையைத் தேட வேண்டும் என்று எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? என் இறுதியாண்டு ஆய்வு மெல்லிய படலங்களைப் பற்றியது. வெற்றிடக் கலத்தில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே இறங்காது. எங்கோ காற்று உள்ளே கசிகிறது என்று மூன்று வாரம் அதோடு போராடினேன். ஒவ்வோர் இணைப்பிலும் துளித்துளியாக ஆல்கஹால் தடவிவிட்டு அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஓர் இணைப்பில் மட்டும் முள் சட்டென்று ஆடியது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையத்தின் மேல் ஒரே ஒரு தலைமுடி. இதை விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன், அவ்வளவுதான். கணினி, கைப்பேசிகளுக்கான மின்னணுச் சில்லுத் தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்த வரியில் விரலை வைத்து, "கசிவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். இருபது நிமிடம் அதையே பேசினோம்.

உட்லண்ட்ஸில் மைக்ரான், குளோபல்ஃபவுண்ட்ரீஸ், பாசிர் ரிஸ் பக்கம் யுஎம்சி என்று இங்கே சில்லுத் தொழிற்சாலைகள் பல உண்டு. 'பிராசஸ் இன்ஜினியர்', 'எக்விப்மென்ட் இன்ஜினியர்' என்று தேடுங்கள். பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்று விளம்பரம் சொன்னாலும் இயற்பியலையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கடைசி வரி வரை படியுங்கள், பல இடங்களில் போட்டிருப்பார்கள். சில்லுகளைச் செய்யும் 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தகட்டில் படலத்தின் தடிமன் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் வந்தால் அதற்குக் காரணம் வாயு ஓட்டமா, வெப்பநிலையா, பிளாஸ்மாவா (மின்னூட்டம் பெற்ற வாயு) என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. நாம் ஆய்வகத்தில் பிழைப் பகுப்பாய்வு என்று அலுத்துக்கொண்டு எழுதியதேதான் இது. வேலை நேரத்தைப் பற்றி மட்டும் நேர்முகத்திலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் தொழிற்சாலை இரவிலும் ஓடும், கருவி நின்றால் உங்களுக்கு அழைப்பு வரும்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி மருத்துவ இயற்பியலுக்குப் போனாள். அவள் சொல்லக் கேட்டபோது எனக்கே ஆசையாக இருந்தது. காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே கதிர்வீச்சுக் கருவி சரியான அளவு கொடுக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். அவ்வப்போது அயனிக் கலம் (கதிர்வீச்சை அளக்கும், காற்றுள்ள சிறு கலம்) வைத்துத் துல்லியமாக அளக்கும்போது அறையின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொண்டு கணக்கைத் திருத்துவார்கள், கலத்துக்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி அவற்றைப் பொறுத்து மாறுமே, அதற்காக. தொடக்கக்கல்லூரியில் படித்த வாயு விதி ஒரு நோயாளியின் சிகிச்சையில் வந்து நிற்கிறது! தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023இல் புரோட்டான் கற்றையால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மையமும் திறந்தார்கள். ஆனால் இந்தத் துறைக்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, முதுநிலைப் பட்டம், அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி என்று சில ஆண்டுகள் ஆகும். இடங்களும் குறைவு, பொறுமை இருந்தால் இறங்குங்கள்.

ஆசிரியர் வேலையை 'வேறு எதுவும் கிடைக்காவிட்டால்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்தால் தேசியக் கல்விக் கழகத்தில் பயிலும் காலத்திலும் சம்பளம் உண்டு, பதிலுக்குச் சில ஆண்டுகள் பணியாற்றும் ஒப்பந்தமும் உண்டு. முதலில் ஒரு பள்ளியில் தற்காலிகமாகக் கற்பித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வங்கி, தரவு வேலைகளுக்கு ஆசைப்படுகிறவர்கள் பைத்தான் நிரல்மொழியும் புள்ளியியலும் பழக வேண்டும். அங்கே கணினிப் பட்டதாரிகளோடு போட்டி கடுமை, அதனால் நீங்களே செய்த ஒரு திட்டத்தைக் கையில் வைத்திருங்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு வழி காப்புரிமை முகவர் வேலை, அதாவது புதுக் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை கேட்டு விண்ணப்பம் எழுதித் தரும் வேலை. சட்டம் படித்திருக்க வேண்டும் என்று நினைப்பார்கள், ஆனால் அறிவியல் பட்டத்தோடு அதற்கான படிப்பு, தேர்வு, பயிற்சியை முடித்தால் போதும். ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று சொற்களில் எழுதப் பிடிக்கிறவர்களுக்கு நல்ல இடம். வானிலைத் துறையையும் மறக்காதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கிறீர்கள் என்றால் மே மாதம் தொடங்கும் நீண்ட விடுமுறையை வேலைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள், ஜனவரியிலேயே விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுங்கள். விண்ணப்பம் எழுத உட்காரும்போது உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியைத் தொட்டீர்கள், எது பழுதானது, எப்படிச் சரிசெய்தீர்கள், எவ்வளவு துல்லியமாக அளந்தீர்கள் என்று அதிலிருந்து எடுத்து எழுதுங்கள், பாடப் பெயர்களெல்லாம் கடைசியில் ஒரே வரியில் இருக்கட்டும்.