மெக்னீசியம் டெஸ்ட்டுக்கு மூணு தடவ அலைஞ்ச கதை

ரெண்டு மாசம் முன்னாடி நைட்டு ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு வீசிங் ஏறிடுச்சு, தண்டையார்பேட்டைல ஆட்டோ கிடைச்சதே பெரிய விஷயம். ஆஸ்பத்திரில நெபுலைசர் மூணு தடவ வச்சும், ஸ்டீராய்டு போட்டும் அடங்கல. அப்புறம்தான் ட்ரிப்ஸ்ல மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், 20 நிமிஷம் ஏத்துனாங்க.

கால் வீக்கத்துக்கு வெந்நீர்ல போடுற எப்சம் உப்பு தானே சார்னு கேட்டுட்டேன். அதேதான், ஆனா இது ஊசிக்குன்னு சுத்தமா பண்றதுன்னு சிரிச்சாரு டியூட்டி டாக்டர். மூச்சுக் குழாயைச் சுத்தி இருக்கிற தசை நம்ம பேச்சு கேக்காது, கால்சியம் உள்ள பூந்தா இறுகிக்கும், மெக்னீசியம் அந்தக் கால்சியத்துக்குக் குறுக்க நிக்குமாம். பாதி ஏறும்போதே அம்மா "இன்னாடா இது, ஒடம்பெல்லாம் மொளகா அரைச்சி பூசினாப்ல எரியுது"ன்னு எழுந்து உக்காந்துட்டாங்க. நான் பயந்தே போய்ட்டேன். ரத்தக் குழாய்லயும் அதே மாதிரி தசைதான், அதுவும் தளர்றதால வர்ற சூடுன்னு சொல்லி பிரஷர் பாத்துக்கிட்டே இருந்தாங்க. விடியறதுக்குள்ள விசில் சத்தம் நின்னுச்சு.

பத்து நாள் கழிச்சு ரிவ்யூல, நைட்ல கொரக்களி புடிக்குதுன்னு அம்மா சொல்ல, டாக்டர் மெக்னீசியம் பாக்கச் சொன்னாரு. இங்க ஆரம்பிச்சுது என் தலைவலி.

ரோட்டு முனை லேப்ல சீட்டக் காட்டுனேன், கவுண்ட்டர்ல இருந்த ஆளு அதப் பாக்காமலே "எலெக்ட்ரோலைட்ஸ்ல எல்லாம் வந்துரும்"னு பில் போட்டாரு. சாயங்காலம் ரிப்போர்ட்ல சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், அவ்ளோதான். மெக்னீசியம் எங்கன்னு கேட்டா "அது தனி டெஸ்ட்டுங்க". காசு திரும்பி வரல. அதனால சொல்றேன், மெக்னீசியம்னு பேர் சொல்லிக் கேளுங்க, பில்லுல அந்தப் பேர் இருக்கான்னு பாத்துட்டு கைய நீட்டுங்க.

ரெண்டாவது தடவ வேற லேப். ரெண்டு மூணு எடத்துல குத்தி எடுத்தாங்க, மறுநாள் போன்ல ரத்தம் உடைஞ்சிருக்கு மறுபடி வாங்கன்னாங்க. சிவப்பணுக்குள்ள மெக்னீசியம் ஜாஸ்தி, உடைஞ்சா அளவு பொய்யா ஏறிக் காட்டும், அதனால கோவம் வந்தாலும் இவங்க ரிப்போர்ட் தராம விட்டது நல்லதுதான். மூணாவது தடவ வந்தது 1.3 mg/dL. நார்மல் கிட்டத்தட்ட 1.7ல இருந்து 2.2.

காரணம் கேட்டா எனக்கே வெக்கமா போச்சு. அஞ்சு வருஷமா காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திர, பேன்டோபிரசோல், யாரும் நிறுத்தவும் சொல்லல, தொடரவும் சொல்லல, மெடிக்கல்ல நாங்களே வாங்குறோம். அது கூட பிரஷருக்கு நீர் மாத்திர வேற. முதல்ல சொன்னது குடல்ல மெக்னீசியத்த ஏற விடாது, ரெண்டாவது சொன்னது யூரின்ல கழிச்சு விட்ரும். வீசிங்குக்கே இதுதான் காரணம்னு டாக்டர் சொல்லல, எண்ணூர் காத்த சுவாசிக்கிறவங்களுக்கு அதுக்குக் காரணம் தேடணுமா. ஆனா கொரக்களிக்கு இதுதான்னு சொன்னாரு.

கேஸ் மாத்திரய மாத்தி, மெக்னீசியம் மாத்திர குடுத்தாரு. முதல் வாரம் அம்மாவுக்கு வயித்தால போச்சு, பிரிச்சு ரெண்டு வேளையாக்குனதும் சரியாச்சு. கிட்னி பிரச்சன இருக்கவங்க இத சும்மா வாங்கி முழுங்காதீங்க, உடம்புலயே தேங்கிடும்.

ஆறு வாரத்துல 1.9. கொரக்களி இல்ல. நேத்து பீரோ துடைக்கும்போது துணிக்கடியில பழைய கேஸ் மாத்திர ஸ்ட்ரிப் ரெண்டு, அதுல நாலு மாத்திர காலி. கேட்டா "கல்யாண வூட்டுக்குப் போனேன்ல"ங்கறாங்க.