நான்காவது ரீடிங்

"அது தப்பான ரீடிங்னு நினைச்சேன் சிஸ்டர். அதிகமா வந்தா அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு திரும்பப் பார்க்கச் சொன்னது நீங்கதானே?"

இந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

அவருக்கு அப்போது கர்ப்பத்தின் 34-வது வாரம். வீட்டிலேயே அளந்து செயலியில் அவர் பதிந்த பிரஷர் எல்லாம் 140/90 என்ற எல்லைக்குக் கீழே, திரை முழுக்கப் பச்சை. பரிசோதனைக்கு வந்தவர் நாங்கள் கொடுத்திருந்த பிரஷர் மிஷினையும் பையில் கொண்டுவந்திருந்தார். கைப்பட்டை அளவு சரிதானா என்று பார்க்க வாங்கியவள், மெமரி பட்டனையும் அழுத்தினேன். 138/88. அதற்கு முன் 144/92. அதற்கும் முன் 148/94. முதலில் 154/98. நான்கும் அன்று காலை அரை மணி நேரத்துக்குள் எடுத்தவை. செயலிக்கு வந்தது கடைசி மட்டும்.

நான் சொல்லிக்கொடுத்ததில் தவறில்லை. முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை அளக்க வேண்டும். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இரண்டையும் பதியச் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். நன்றாக நினைவிருப்பது வேறு: வாராவாரம் போனில் "எல்லாம் பச்சை, ரொம்ப நல்லா போகுது" என்று நான் சொன்னதும், மறுமுனையில் அவர் விட்ட பெருமூச்சும்.

தலைவலி இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு, ஆனா பச்சைதானே காட்டுச்சு" என்றார். சிறுநீரில் புரதம் இருந்தது. அன்றே அட்மிட். தாயும் குழந்தையும் நலம். அதனால் நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனோ என்று சில நாள் தோன்றும்.

பிரிட்டனில் 2022-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், கர்ப்ப காலத்தில் வீட்டில் அளந்ததால் ரத்த அழுத்தம் முன்கூட்டியே தெரியவரவும் இல்லை, கட்டுப்பாடு மேம்படவும் இல்லை. படித்தபோது ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதல் பிடிக்கவும் இல்லை. என்றாலும் மிஷினைக் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை நாங்கள் அளப்பதை மட்டும் நம்பியிருக்க எனக்குப் பயம்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் வாரத்தில் பிரஷர் மறுபடி ஏறலாம் என்பதால், வீட்டுக்குப் போன பிறகும் அவர் அளந்து அனுப்பினார். எல்லாம் பச்சை. மெமரித் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அனுப்பினார், செயலியில் போட்ட அதே எண்கள். அப்புறம் நான் கேட்காமலேயே தினமும் போட்டோ வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.