மூன்றாம் தாரும் ஒழுகியது

போன ஞாயிற்றுக்கிழமை தாரமங்கலம் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் பரிசலை இறக்கி, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வேட்டி ஈரம். அரை மணி நேரத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். மேலே கிணற்று மேட்டில் நின்றிருந்த மாமா, "ஏன் மாப்ள, மீன் புடிக்கப் போறியா, இல்ல மீனுக்குத் தொட்டி கட்டறியா?" என்றார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. மூங்கில் கூடைக்கு வெளியே சாக்கு போர்த்தி, தண்ணீர் இறங்காமல் இருக்க அதன்மேல் தார் பூசினால்தான் பரிசல். நான் பின்னிய இதற்கு இது மூன்றாவது தார்.

மூங்கில் பிளந்தது, பின்னியது, விளிம்பு வளைத்தது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. பின்னிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும், பின்னாதவர்களுக்கு எழுதினாலும் புரியாது. விட்டம் ஆறடி. ஆள் இரண்டு, சாமானுக்கு மூடி திருகும் நீல டிரம் ஒன்று. என் புலம்பல் எல்லாம் தாரைப் பற்றித்தான்.

நான் கொலுசுப் பட்டறைக்காரன். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். இருபது வருடமாக ஊதுகுழாய் பிடிக்கிறேன், பற்றவைக்கிற பொடி உருகி ஓடுகிற நேரத்தை நிறம் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் தாரை இளக்காரமாக நினைத்துவிட்டேன். கறுப்புப் பாகுதானே, காய்ச்சி ஊற்றினால் ஆச்சு என்று.

முதல் தார் போன சித்திரையில். கடையில் "பரிசலுக்கு" என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "தார்னா எல்லாம் ஒண்ணுதாங்க" என்று ரோட்டுக்குப் போடுகிற தாரைக் கட்டிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். அது 47 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கிற சரக்கு. சேலத்தில் சித்திரை மத்தியானம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள், மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கவிழ்த்து வைத்த பரிசலின் முதுகு வெறும் சாக்காக வெளுத்துக் கிடக்கிறது. தார் மொத்தமும் விளிம்புக்கு வழிந்து, மாடித் தரையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரிசலைப் பிய்த்து எடுத்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. வட்டம் இன்னும் இருக்கிறது. வீட்டில் வடாம் பிழியும்போதெல்லாம் எனக்கு அர்ச்சனை.

நமக்கு வேண்டியது 85/25 என்று கேட்டு வாங்க வேண்டிய தார். முதல் எண் இளகுகிற டிகிரி, இரண்டாவது எண் கெட்டித்தன்மை. கூரையில் நீர் இறங்காமல் இருக்கப் போடுவது. கல் மாதிரி கட்டியாக வரும், கோடாலி முதுகால் தட்டி உடைக்க வேண்டும். இது வெயிலுக்கு அசையாது. ஆனால் காய்ச்சும்போது உயிரை எடுக்கும்.

என்ன சிக்கல் என்றால், சாக்கு. சேலத்துக்காரனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? ஜவ்வரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கு எட்டு, தெரிந்தவரிடம் சும்மாவே கிடைத்தது. அந்தச் சாக்கு 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும். இந்தத் தாரோ 180-க்கு மேல் போனால்தான் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டாவது முறை நன்றாக ஓடட்டும் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். சாக்கு அப்பளம் போலச் சுருங்கிக்கொண்டது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் தெரிகிறது.

சூடு குறைந்தால் என்ன ஆகும் என்றா கேட்கிறீர்கள்? களி. துடுப்பால் கிண்டலாம், தடவ முடியாது.

ஆக நமக்கு இருக்கிற இடம் 140-க்கும் 150-க்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. அதிரசப் பாகு மாதிரிதான், ஒரு நொடி அசந்தால் போச்சு. பட்டறையில் இருக்கிற துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். அதை நம்பி ஏமாறாதீர்கள். அது மேல் ஆடையின் சூட்டை மட்டும் காட்டும். ஆடை 140 என்று காட்டும்போது அடியில் 170 கொதித்துக்கொண்டிருக்கும். நன்றாகக் கிண்டிவிட்டு, உடனே பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, கிண்டி, பார்த்து, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தடவி, திரும்ப அடுப்பில் ஏற்றி... இப்படியே ஒரு பகல். தடவுவதற்குத் தென்னை மட்டையின் நுனியை நசுக்கி எடுத்த நார்தான் சரி. கடையில் வாங்கிய பிரஷ் முதல் முக்கிலேயே மயிரெல்லாம் சுருண்டு செத்தது. கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தார் பொங்கிச் சட்டியைத் தாண்டி வரும். வலது மணிக்கட்டில் எனக்கு ஒரு பொட்டு இருக்கிறது, அதன் ஞாபகார்த்தமாக.

இவ்வளவு பக்குவமாகப் போட்டது மூன்றாவது தார். கொப்புளம் இல்லை, சுருக்கம் இல்லை, எருமை முதுகு மாதிரி பளபளப்பு. காய்ந்ததும் இரண்டு பேராகக் கிணற்று மேடு வரை இழுத்துப்போய் இறக்கினோம். அதுவும் ஒழுகியது.

கடுப்பில் பரிசலை அப்படியே மினி டெம்போவில் ஏற்றி, பூலாம்பட்டிக்குக் கொண்டுபோனேன். அங்கே பரிசல் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவரை மீன் வறுவல் கடையில் விசாரித்துப் பிடித்தேன். அவர் தாரைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டு, கட்டை விரலால் முதுகை நீவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றது விரல். இன்னொரு இடத்திலும்.

"இது என்னங்க தம்பி?"

"கணுங்க."

"சீவலையா?"

"உள்பக்கம் சீவினேங்க, உட்கார்ந்தா உறுத்தும்னு."

"நீங்க உட்கார்றது கெடக்கட்டும். சாக்கு எதும்மேல உட்காருது?"

அவ்வளவுதான் பாடம். பிளாச்சின், அதாவது பிளந்த மூங்கில் பட்டையின், கணு ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் ஒரு மயிரிழை புடைத்து நிற்கிறது. பரிசலைத் தரையில் இழுக்கும்போது உரசல் மொத்தமும் அந்தப் புடைப்பில்தான் விழுகிறது. தார் தேய்ந்து, சாக்கு நைந்து, கணுவுக்கு ஒரு ஊசித்துளை. எட்டு மாதமாக நான் தாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், குற்றவாளி மூங்கில். (உங்களில் யாராவது இதை முன்பே எழுதியிருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.)

தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது, "ஏன் கயாக் வாங்கக் கூடாது?" ஒல்லியாக நீண்ட துடுப்புப் படகைச் சொல்கிறார்கள். விலையை விடுங்கள். மேட்டூருக்குக் கீழே காவிரி ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். செக்கானூருக்குக் கீழே இறங்கி பவானி கூடுதுறை வரை போவதாக என் திட்டம், மூன்று பகல் இரண்டு இரவு. நடுவில் மூன்று இடத்தில் கரையேறிச் சுமக்க வேண்டும். பரிசல் என்றால் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம், வெயிலுக்குக் குடையும் ஆச்சு. மண்டித் தராசில் வைத்தேன், 38 கிலோ. அதில் தார் மட்டும் 11 கிலோ இருக்கும்.

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதனால் பிப்ரவரி. இழுப்பு குறைந்திருக்கும், கதவணைகளுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும். கதவணை கண்ணில் பட்டதுமே கரையேறிவிடுவதாக, கூட வருகிற சகலையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மின்நிலையம் ஓட ஆரம்பித்தால் கீழ்ப்பக்கம் தண்ணீர் திடீரென்று ஏறும், அதனால் சுமந்துபோய் இறங்கும் இடமும் நன்றாகத் தள்ளித்தான்.

சகலைக்கு மீன் மட்டும்தான் கவலை. ராடு, ரீல், தவளை லூர் (தவளை மாதிரி செய்த பொய் இரை), பை நிறைய வைத்திருக்கிறார். எனக்குத் தங்கூஸ், தக்கை, மண்புழு போதும். கட்லாவும் ரோகும் கேட்டால் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை. கிணற்றில் வைத்தே அவர் ஒரு வீச்சு வீசினார். லூர் இடது பக்கம் போக, பரிசல் வலது பக்கம் சுற்ற, மாமா மேலே விழுந்து விழுந்து சிரிக்க, கடைசியில் ராடு நுனி கிணற்றுச் சுவரில் இடித்தது. வட்டப் பரிசலில் ஒரு நங்கூரக் கல் போதாது, அதைச் சுற்றியே ஆடும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கல் கட்டித் தொங்கவிட்டால்தான் முகம் ஒரே திசையில் நிற்கிறது. இதை மட்டும் அன்றைக்கு உருப்படியாகக் கற்றுக்கொண்டோம்.

அடுத்து மகளுக்கு நாலடியில் ஒன்று பின்னலாம் என்று மூங்கில் வேறு சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இது.

சாக்கையும் தாரையும் சேர்த்து உரித்துப் போட்டாயிற்று. வெளிப்பக்கக் கணுக்களை எண்ணினேன், 74. நேற்று இரவு வரை 31 சீவி முடித்திருக்கிறேன். கத்தி வைத்தால் சிம்பு கிளம்புகிறது, அதனால் பட்டறையின் அரைவட்ட அரம்தான். விரலால் நீவி, கணு தட்டாமல் போகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. வேலை நேரத்திலும் ஒன்றிரண்டு பிளாச்சு பரிசலிலிருந்து கழற்றிக்கொண்டுவந்து ராவினேன், அதுதான் வம்பாகிவிட்டது. பட்டறையில் அரத்தூளை வீசி எறிய மாட்டோம், கூட்டி எடுத்து உருக்கி வெள்ளி எடுப்போம். இந்த வாரத் தூளைப் பங்காளி எடை போட்டுவிட்டு, வழக்கத்துக்கு மேலே இருக்கிறதே என்று சந்தோஷமாக மூசையில், அதாவது வெள்ளி உருக்கும் குவளையில், கொட்டி நெருப்பு வைத்தார். குப்பென்று புகை கிளம்பி, பட்டறை முழுக்க மூங்கில் வாசம்.