ஏரிக்குள் சில சர்வர்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு பிளைவுட் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். இணையத்தில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் டார் (Tor) வலைப்பின்னலின் சர்வர்களை உலக வரைபடத்தில் குறித்துத் தரும் வேலை வந்தபோது, மூன்று நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

டாரைப் பயன்படுத்துபவர் யார் என்பதுதான் ரகசியம். அவர் அனுப்புவதை மூன்று கை மாற்றிக் கொண்டுபோகும் ரிலே சர்வர்கள் ரகசியமல்ல. இணையத்தில் அவற்றை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகள் மணிக்கொரு முறை பொதுவில் வெளியாகின்றன. முதல் சர்வரையும் கடைசி சர்வரையும் ஒரே ஆள் கண்காணிக்க முடிந்தால், நேரத்தை ஒப்பிட்டே யார் எங்கே போனார் என்று ஊகித்துவிடலாம். அதனால் சர்வர்கள் எந்த நாட்டில் குவிந்திருக்கின்றன என்பது முக்கியமான கேள்வி.

பட்டியலை, ஐபி முகவரிக்கு ஊர் சொல்லும் இருப்பிட டேட்டாபேஸில் கொடுத்துப் புள்ளி வைத்தோம். ஜெர்மனி புள்ளிகளால் மூடிப்போனது. காசிமேட்டிலிருந்து வரும் தம்பி திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, இதெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குதேண்ணா?”

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஓர் ஏரியின் நடுவே கொத்தாகப் புள்ளிகள். காரணம் தேடிப் படித்தேன். நாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாத முகவரிகளை டேட்டாபேஸ் நாட்டின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் போட்டுவிடுகிறது. முன்பு அந்த இடம் பாட்வின் என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்திருந்தது. 60 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் ஒரே வீட்டின் தலையில்! யாரோ எங்கோ செய்த மோசடிக்கு அந்த வீட்டுக் கதவைப் போலீஸ் வருடக்கணக்கில் தட்டியிருக்கிறது. 2016இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் புள்ளியை ஏரிக்கு நகர்த்தினார்கள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வைக்கும் புள்ளியும் யார் வீட்டின்மேலாவது விழத்தானே செய்யும்?

எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவிலும் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும். கூரியர் பையன் தினமும் ஒரு வீடாவது மாறிப் போவான். ஐபி முகவரிகளும் இப்படித்தான். தொகுதி தொகுதியாகக் கை மாறுகின்றன, டேட்டாபேஸில் பழைய ஊரே நிற்கிறது.

சென்னையின்மேல் ஒரு புள்ளி இருந்தது. நம்ம ஊரிலும் ஒருவர் ரிலே நடத்துகிறார் என்று அவ்வளவு சந்தோஷம். சரி, உறுதி செய்துவிடலாம் என்று, ஃபிராங்க்பர்ட்டில் வாடகைக்கு எடுத்த மெஷினிலிருந்து பிங் அடித்தோம், அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். 4 மில்லி நொடியில் பதில் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். போக இரண்டு, வர இரண்டு என்றால், அந்த சர்வர் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. சென்னைப் புள்ளியை எடுக்க மனசே வரவில்லை. எடுத்துவிட்டோம்.

ஆனால் பிங் சொல்வதும் இதற்குமேல் போகாது என்ற எல்லையைத்தான், இடத்தை அல்ல. அதனால் புள்ளிகளை விட்டுவிட்டு, சோதித்த சர்வர்களுக்கு மட்டும் வட்டம் போட்டோம். வேலை கொடுத்தவருக்குப் புள்ளிதான் பிடித்திருந்தது. பண்ணை வீட்டுக் கதையைப் போனில் சொன்னேன், ஒத்துக்கொண்டார். மூன்று நாள் வேலை ஆறு வாரம் ஆனது.

ஏரியில் கிடந்தவற்றை வரைபடத்துக்கு வெளியே ஒரு கட்டம் போட்டு, ‘நாடு மட்டும் தெரியும்’ என்று எழுதி, எண்ணிக்கையைக் கீழே கொடுத்தோம். அந்தக் கட்டத்தை வரைந்தது தம்பிதான்.