நாக்கை நீட்டு பாப்பா

"ஸ்கேன் எடுத்தே ஆவணுமா சார்?"

"பெரிய டாக்டர் வேணாம்னா வேணாம்மா."

பதினோரு வருடம் ஆகிறது. கேட்டவர் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர். பதில் சொன்னது நான்.

ஏழு வயதுப் பெண் குழந்தை. கழுத்து நடுவில் கோலிக்குண்டு அளவில் கட்டி. நாக்கை நீட்டச் சொன்னால் மேலே ஏறியது. தைரோகுளோசல் சிஸ்ட் என்று சீனியர் அங்கேயே சொல்லிவிட்டார். கரு நான்கு வாரமாக இருக்கும்போது தைராய்டு சுரப்பி நாக்கின் வேர்ப்பகுதியில்தான் முளைக்கிறது. தாடைக்குக் கீழே கழுத்தில் இருக்கிற ஹையாய்டு எலும்புக்கு முன்பக்கமாக இறங்கி, ஏழாவது வாரவாக்கில் மூச்சுக்குழாய்க்கு முன்னால் வந்து உட்காருகிறது. வந்த வழியில் உள்ள குழாய் தானாக மறைய வேண்டும். மறையாமல் போன இடத்தில் நீர் கோத்தால் இந்தக் கட்டி.

ஆனால் சில குழந்தைகளுக்குச் சுரப்பியே பாதி வழியில் நின்றுவிடும். அதுவும் நடுக்கழுத்தில் கட்டியாகத் தெரியலாம், நாக்கோடு ஏறலாம். பல சமயம் உடம்பில் இருக்கிற ஒரே தைராய்டு அதுவாகத்தான் இருக்கும். சிஸ்ட் என்று நினைத்து எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை. தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் ஸ்கேனில் பார்ப்பது இதற்காகத்தான். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான்.

சீனியரிடம் கேட்கத்தான் செய்தேன். கேட்டேன் என்பதைவிட முனகினேன். "நீர்க்கட்டின்னு கையிலயே தெரியுதேப்பா. அந்தம்மாகிட்ட காசு எங்க இருக்கு?" என்றார். அதுவும் நியாயம்தான். ஒரு ஸ்கேனுக்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும்?

சிஸ்ட்ரங்க் என்ற சர்ஜன் 1920இல் சொன்ன முறைப்படி ஹையாய்டின் நடுத்துண்டோடு சேர்த்து எடுத்தோம். உள்ளே நீர்தான். குழந்தை நன்றாகத் தேறினாள். சீனியர் சொன்னது சரி, நான் வாயை மூடிக்கொண்டதால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம் என்ன?

கட்டியை அறுத்துப் பார்க்கும்வரை எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் அந்தம்மாவுக்குத் தெரியாது. "எனக்குச் சந்தேகமா இருக்கும்மா" என்று சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது எடுத்திருப்பார். எடுத்திருந்தால் அதே நீர்க்கட்டிதான், கடன் மட்டும் மிச்சம்.

இப்போது நடுக்கழுத்துக் கட்டி என்று யார் வந்தாலும் ஸ்கேன் இல்லாமல் தேதி கொடுப்பதில்லை. குழந்தைகளுக்காகவா, என் கைக்காகவா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. போன மாதம் ஒடுகத்தூரிலிருந்து ஒரு தாய் பையனைக் கூட்டி வந்தார். அதே கேள்வி. "எடுத்தே ஆகணும்" என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சரி சார் என்று சீட்டை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு போனார்.

ரிப்போர்ட்டோடு இன்னும் வரவில்லை.