கிண்டியிலிருந்து டர்பன் லாயத்துக்கு

கிண்டியிலோ ஊட்டியிலோ ரேஸ் குதிரைகளோடு பழகியவர், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு டிரெய்னருக்கு உதவியாளாக வந்தால் முதலில் நாட்காட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஜனவரி 1 அன்று கூடும் குதிரையின் வயது, இங்கே ஆகஸ்ட் 1 அன்று கூடும். கிரேவில் மைதானத்தின் பெரிய பந்தயமான டர்பன் ஜூலை (1897 முதல், இன்று 2200 மீட்டர்) குளிர்காலத்தில் வரும்.

கொள்ளுத் தீவனத்தை மறந்துவிடுங்கள். இங்கே ஓட்ஸ், குதிரைமசால், தெஃப் புல். 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7 கிலோ உலர்புல்லாவது வேண்டும். தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. இரைப்பை சிறியது, மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வயிற்றுவலியாகும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஓய்வு நாளுக்கு முந்தின மாலையே தானியத்தைப் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் ஓய்வுக்கு மறுநாள் ஓட்டத்தில் பின்தொடை இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்போது நடத்திப் பார்க்காமல், நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெரிய பயம் ஆப்பிரிக்கக் குதிரை நோய். நம் ஊர் லாயத்தில் இதை யாரும் யோசித்திருக்க மாட்டோம். குலிகாய்டஸ் என்ற பொடிக்கொசு மாலையிலிருந்து விடியும் வரை கடித்துப் பரப்புகிறது. கோடை முடிவில்தான் அதிகம். உறைபனி விழுந்தால்தான் இந்தக் கொசு அடங்கும், டர்பன் கரையோரம் அது விழாததால் குளிர்காலத்திலும் அலட்சியம் கூடாது. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே குதிரையை உள்ளே கட்டி, கதவு ஜன்னலுக்கு நெருக்கமான வலை போடுங்கள். காலை மாலை வெப்பமானி வையுங்கள், 38.5 தாண்டினால் அன்று சேணம் ஏறக் கூடாது. காய்ச்சலோடு ஓடவிட்ட குதிரை பிழைப்பது அரிது. கண்ணுக்கு மேலுள்ள பள்ளம் வீங்கி நிரம்பினால், அதுதான் இங்குள்ளவர்கள் சொல்லும் 'டிக்கோப்'. தடுப்பூசி ஜூன் முதல் அக்டோபர் வரை, இரண்டு பாட்டில், குறைந்தது 3 வார இடைவெளி. உயிருள்ள கிருமி என்பதால் போட்டபின் கடும் வேலை கொடுக்க முடியாது. டர்பன் ஜூலையில் ஓடும் குதிரைக்குப் பந்தயம் முடிந்த பிறகு போடுவதே நல்லது.

விடியற்காலை 4.30க்கு, சேணம் ஏற்றுமுன், முன்னங்காலின் பின்புறம் உள்ளங்கையை முழங்காலிலிருந்து கீழே மெதுவாக இழுத்துப் பாருங்கள். அடுத்து மறு கால். ஒரு காசளவு சூடு தெரிந்தாலும், நொண்டாவிட்டாலும், அன்று ஓட்டம் வேண்டாம். தசைநாண் கிழிந்தால் ஒரு வருடம் போய்விடும்.

குதிரையைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஜூலு பேசுவார்கள். மூத்தவரை 'பாபா' என்று அழையுங்கள். நம் 'அப்பா' போன்ற மரியாதை அது. 'சவுபோனா' (வணக்கம்) சொல்லிவிட்டு, 'இஹாஷி லிட்லிலே?' என்று கேளுங்கள்: குதிரை சாப்பிட்டதா? இரவு தொட்டியில் எவ்வளவு மிச்சம் கிடந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.