வர்ணச் சக்கரத்தை அச்சேற்றிய அனுபவம்

சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்காக வெள்ளவத்தையில் நான் நடத்தும் வார இறுதி வகுப்புக்கு, வர்ணக் கோட்பாட்டை விளக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்று தேவைப்பட்டது. கறுப்பு வெள்ளையில் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்தால் பாடமே இல்லை. நிறப் பிரதி எடுத்தாலோ கடைக்குக் கடை ஒரு நீலம் வரும். வேறு சில சித்திர ஆசிரியர்களும் பங்குக்கு எடுப்பதாகச் சொன்னதால், மூன்றாக மடிக்கும் ஏ4 அளவில் 1000 பிரதிகளை, கொட்டாஞ்சேனையிலுள்ள ஓர் அச்சகத்தில் ஆப்செட்டில், அதாவது ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு வைத்து அச்சிடும் முறையில், அடிப்பதென்று முடிவாயிற்று.

எழுத உட்கார்ந்ததுமே ஒரு சிக்கல் எழுந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் முதல் வர்ணங்கள் என்றும், வேறு வர்ணங்களைக் கலந்து அவற்றைப் பெற முடியாதென்றும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அச்சகத்தில் இருப்பவையோ சயன் (பச்சை சார்ந்த நீலம்), மஜென்டா (ஊதா சார்ந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகள். ஆகவே, சிவப்பைக் கலந்து பெற முடியாது என்ற வாக்கியம், மஜென்டாவையும் மஞ்சளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பெற்ற சிவப்புக் கட்டத்துக்குக் கீழேயே அச்சாகப் போகிறது. கைவில்லை வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் அதைக் கண்டுபிடித்துவிடும். இதை மறைப்பதைவிடப் பாடமாகவே ஆக்கிவிடுவது நேர்மையானது என்று எனக்குப் பட்டது. எனவே முன்பக்கத்தில் வர்ணப் பெட்டிக்குரிய சக்கரத்தையும், பின்பக்கத்தில் மைகளுக்குரிய சக்கரத்தையும் வைத்தேன். சயன் சிவப்பு ஒளியையும், மஜென்டா பச்சை ஒளியையும், மஞ்சள் நீல ஒளியையும் உறிஞ்சுகின்றன. மூன்றில் இரண்டைக் கலந்தால் உறிஞ்சப்படாத ஒளியே நிறமாகத் தெரிகிறது. வர்ணப் பெட்டியின் சிவப்பு, பச்சையையும் நீலத்தையும் ஒருங்கே உறிஞ்சிவிடுவதால்தான் அதில் நீலத்தைக் கலந்து பிள்ளைகள் பெறும் ஊதா எப்போதும் சேறுபிடித்தாற்போல் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ஊதா கலக்கச் சொல்வது, என் கருத்தில், பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வரலாற்றுக்கு ஒரு மடிப்பு மட்டுமே ஒதுக்கினேன். நிறமாலையின் இரு முனைகளையும் இணைத்து நியூட்டன் 1704 இல் வெளியிட்ட வட்டமும், சிவப்பு, மஞ்சள், நீலத் தகடுகளால் படம் அச்சிடும் முறைக்கு அச்சுக் கலைஞர் லெ பிளோன் 1719 இல் இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமையும் அதில் அடங்கின.

கணினி வேலையில் நேரத்தைத் தின்றது வடிவமைப்பு அல்ல, நிறங்களே. திரையில் ஒளிரும் பச்சையும் செம்மஞ்சளும் மைக்குள் வருவதில்லை. சயனையும் மஜென்டாவையும் நூற்றுக்கு நூறு கொடுத்தால் நீலம் ஊதாவாகத் திரும்பிவிடும். மஜென்டாவை 70 வீதத்துக்குக் குறைத்த பின்னரே அது நீலமென்று சொல்லத்தக்கதாயிற்று. திரையை நம்பாமல் வீதங்களையே நம்ப வேண்டும் என்று அச்சகத்தார் சொன்னது உண்மைதான். எழுத்துகள் முழுவதையும் கறுப்பு மையில் மட்டுமே வைத்தேன். நிறப் பின்னணியில் வெள்ளையாக விட்டால், தகடுகள் மயிரிழை விலகினாலும் முதலில் அடைபடுவது புள்ளிகளும் சுழிகளுமே. யூனிகோட்டில் தட்டெழுதிய கோப்பை அச்சகத்துக் கணினியில் திறந்தால் கொம்புகள் இடம் மாறி நிற்கக்கூடும் என்பதால், எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றியே கொடுத்தேன்.

நான் மிகவும் ஆசைப்பட்டு வைத்த பகுதி, மஞ்சளின் நடுவிலும் நீலத்தின் நடுவிலும் இருக்கும் இரண்டு சாம்பல் சதுரங்கள். இரண்டும் ஒரே சாம்பல்தான், ஆனால் சுற்றியுள்ள நிறத்தால் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியும். பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஷெவ்ரோல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறத்தில்தான் என்று கண்டு, 1839 இல் அதை விரிவாக வெளியிட்டார். கெய்சர் வீதிப் புடைவைக் கடைகளில் சேலையின் பக்கத்தில் வைக்காமல் ரவிக்கைத் துணி எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சதுரங்கள் இரண்டும் உண்மையில் ஒரே சாம்பலாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். மூன்று மைகளைக் கலந்த சாம்பல் அச்சில் பச்சைக்கோ சிவப்புக்கோ சாயும் என்பதால், கறுப்பை மட்டும் 40 வீதத்தில் கொடுத்திருந்தேன். அதுவும் போதாதென்று இயந்திரம் இயக்கும் பெரியவர் சொன்னார்: “டீச்சர், ரெண்டு சாம்பலையும் பக்கம் பக்கமா வைக்காதீங்க. தாள் ஓடுற பக்கமா மேலயும் கீழயும் வைங்க.” மையின் அளவு தாளின் அகலத்துக்குக் குறுக்கே பகுதி பகுதியாகத் திருகுகளால் கட்டுப்படுத்தப்படுகிறது, அருகருகே வைத்தால் இரண்டும் வெவ்வேறு பகுதிகளில் விழுந்து ஒன்று கறுத்துவிடலாம். ஓடும் திசையில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே மை கிடைக்கிறது. அத்துடன், சதுரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியாதிருக்கப் பின்னணி நிறத்தை அதன் ஓரத்துக்கு அடியில் சற்றே நீட்டினோம்.

பிள்ளைகள் தாமே தீட்டுவதற்கு ஒரு வெற்றுச் சக்கரமும் வைக்க எண்ணியிருந்தேன். ஆனால் மேலே பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் நீர்வர்ணம் பிடிக்காது. பூச்சில்லாத கடதாசிக்குப் போனால் மை ஊறி அச்சு நிறங்கள் மங்கும். வெற்றுச் சக்கரத்தைக் கைவிட்டு 130 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரையே தெரிந்தெடுத்தேன்; வட்டம் கீறக் கவராயம் இருக்கிறதே. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தகட்டில் அருகருகே வைத்து, ஒரு முகம் அச்சானபின் தாளைத் திருப்பி மறுமுகமும் அடித்து, நடுவே வெட்டினால் இரண்டு பிரதிகள் கிடைக்கும். இதனால் எட்டுத் தகடுகளுக்குப் பதில் நான்கே போதுமாயின. உள்ளே மடியும் பகுதியை 97 மில்லிமீற்றராகவும் மற்ற இரண்டையும் 100 ஆகவும் வைத்தோம்.

இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டுமே அடிக்கும் சிறிய ஹைடெல்பர்க். கொழும்பின் ஈரக் காற்றில் ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கடதாசி ஈரம் குடித்து விரிந்துவிடும். அப்புறம் எவ்வளவு திருகினாலும் நிறங்கள் பொருந்தா. அதனால் ஒவ்வொரு முறையும் தாள்கட்டைப் பொலித்தீனால் சுற்றி வைத்தார்கள். நிறம் பார்ப்பதற்கு, ரியூப் லைட்டின் கீழ் நிற்காமல் தாளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம்.

இப்படி ஒவ்வொரு நிறமாக அடித்ததில் எதிர்பாராத ஒரு பயன் இருந்தது. ஒவ்வொரு நிறமும் முடிந்ததும் சில தாள்களை எடுத்துவைக்கும்படி கேட்டிருந்தேன். முதல் தாளில் மஞ்சள் மட்டும், அதன் நடுவே சாம்பல் வரவேண்டிய இடம் வெள்ளைச் சதுரமாக நிற்கிறது. மஜென்டா ஏறியதும் சக்கரத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் பிறந்துவிட்டன. பச்சைக்குரிய இடங்கள் இன்னும் மஞ்சளாகவும் நீலத்துக்குரியது இளஞ்சிவப்பாகவும் இருக்கின்றன. சயன் வந்த பின்னரே சக்கரம் முழுமையாகிறது. கறுப்பு ஏறும்வரை ஓர் எழுத்தும் இல்லை. வகுப்பில் இந்தத் தாள்களை வரிசையாகக் குத்திவைத்தபோது, பிள்ளைகள் துண்டுப்பிரசுரத்தைவிட இவற்றிடமே அதிகம் கேள்வி கேட்டார்கள். பங்குக்கு எடுத்த ஆசிரியர்களும் தமக்கு ஒரு தொகுதி வேண்டுமென்றார்கள். கொடுக்க என்னிடம் மிச்சமில்லை. மறுபதிப்புக்குப் போகும்போது, ஒவ்வொரு நிறத்திலும் ஐம்பது தாளாவது தனியே எடுத்துத் தரும்படி ஆரம்பத்திலேயே சொல்லி, அந்தக் கடதாசியையும் சேர்த்தே விலை கேட்பதாக இருக்கிறேன்.